இரவல் போன பைனாகுலர்

அக்டோபர் 7, திங்கள்

மழை இல்லை. பனி மட்டும். ஆறரைக்குத் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறிப் பார்த்தேன். பள்ளத்தில் யானை இல்லை. எப்போதும் கிடக்கிற பெரிய பாறை மட்டும் கிடந்தது. மூங்கில் கம்பில் சிவப்புச் சேலையை ஏற்றவில்லை. கம்பு வெறுமனே நிற்பதைப் பார்த்துவிட்டுப் பெண்கள் பள்ளத்தை ஒட்டிய ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டுக்குக் கொழுந்து பறிக்க இறங்கினார்கள்.

இன்றைக்கு எழுத வேண்டியது அது இல்லை. காலையில் ஆளெண்ணி வேலை பிரிக்கிற மஸ்டர் களத்தில் அத்தனை பேர் முன்னாலும் சூப்பர்வைசர் வின்சென்ட் என்னைக் கூப்பிட்டு, பைனாகுலரை இரண்டு நாளைக்குச் சேர்மக்கனியிடம் கொடு என்றார். சேர்மக்கனி பள்ளிக்கூடத்துக்கு ராத்திரிக் காவல். சத்துணவு அரிசிக்காக யானை சுவரை இடிக்கிறது. பிள்ளைகள் நடந்து வருகிற வழியை விடிந்ததும் ஒரு தடவை பார்த்துக்கொள்ள அவனுக்குக் கண்ணாடி வேண்டுமாம். நாளையிலிருந்து வாரம் முடியும்வரை மேட்டுக் காட்டில்தான் பறிப்பு, அதனால் எனக்குத் தேவை இல்லையாம்.

சேர்மக்கனி யார் மகன்? பொன்னுச்சாமி மகன். வேலைநிறுத்தம் நடந்த வருஷம் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, என் வீட்டுக்காரர் தோட்டத்து மேனேஜர் துரைக்குக் கோள் சொல்கிறவர் என்று சொன்ன பொன்னுச்சாமி. அன்று அவன் போட்டிருந்தது நீலக் கட்டம் போட்ட சட்டை, மேல் பொத்தான் இல்லை. அதற்குப் பிறகு மழைக்காலம் முடியும்வரை எங்கள் பாடி வீடுகளில் ஒருத்தரும் எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே கூரை. பக்கத்து வீட்டில் இருமினால் எங்கள் வீட்டில் கேட்கும். ஆனாலும் பேச்சு இல்லை.

கண்ணாடி காலமான என் வீட்டுக்காரருடையது. அவர் வாட்ச்சராக இருந்தபோது, வேலையை விட்டு ஊருக்குப் போன கூர்க் துரை தன் கழுத்திலிருந்து கழற்றி இவர் கழுத்தில் போட்டார். அதை யார் கேட்டாலும் கொடுக்க முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சேர்மக்கனியின் பெண்டாட்டி ஜான்சி கொழுந்து பறிக்கும்போது கட்டுகிற தார்ப்பாய்ப் படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டே சொன்னாள்:

"ஆச்சி, அது கண்ணாடியா உங்க மாமியாரா? இப்படிக் கட்டிப்பிடிச்சிட்டு நிக்கீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். கொடுத்துவிட்டேன். சிரித்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

அக்டோபர் 9, புதன்

சாயங்காலம் சேர்மக்கனி வந்தான். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஓடையைத் தாண்டும்போது வழுக்கி விழுந்தானாம். கண்ணாடி தண்ணீரில் முங்கி எழுந்திருக்கிறது. இடது பக்க ஓரத்தில் நகம் அளவு நசுங்கல். உள்ளே ஆவி படிந்திருக்கிறது. மறைக்கவில்லை, எல்லாவற்றையும் சொன்னான். சொன்னால் சரியாகிவிடுமா?

கோயம்புத்தூரில் ஒரு கடை இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை தானே கொண்டுபோய்ச் சரிசெய்து தருகிறானாம். "அதுவரைக்கும் ஒரு துணில சுத்தி அப்படியே வைங்க ஆச்சி. சூடு மட்டும் காட்டிராதீங்க" என்றான்.

இவன் அப்பனும் அப்படித்தான், அடுத்தவன் வீட்டில் எது எது செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பான். ஒரு தடவை உன் கையில் கொடுத்தது போதும் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

இந்த ஊரில் ஐப்பசி மழையில் எதுதான் வெயிலில் காய்ந்திருக்கிறது? கம்பளி, தீப்பெட்டி, கருவாடு, பேத்தி சின்னவளாய் இருந்தபோது அவள் புத்தகம், இவர் பூட்ஸ், எல்லாம் அடுப்புக்கு மேல் பரணில்தான் காய்ந்தது. நான் பார்க்காத ஈரமா? பரணில் வைத்தேன். நல்ல தணல்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. தோட்டத்துக்கு லீவு. கண்ணாடியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்துச் சந்தனம் வைத்து, அரிவாளுக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டேன். தொட்டபோது அடுப்பிலிருந்து இறக்கின சட்டி மாதிரிச் சுட்டது. ஈரம் போயிருக்கும்.

ஆறின பிறகு கண்ணில் வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் பால் ஊற்றினது மாதிரி இருக்கிறது. வலது பக்கம் தெரிகிறது. ஆனால் எதிர்ப்பக்கத்து ரோட்டில் நின்ற ஒரு மாடு இரண்டு மாடாகத் தெரிந்தது. இரண்டு கண்ணாலும் பார்த்தேன், ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டும் பார்த்தேன். ஒன்றுக்கு இரண்டுதான்.

பொன்னுச்சாமி மகன் தண்ணீரில் போட்டதன் பலன்.

அக்டோபர் 13, ஞாயிறு

வாசலில் விறகு. நல்ல காட்டு விறகு, ஒரே அளவாய் வெட்டியது. ஜான்சி தலையில் சுமந்து வந்து போட்டாள். அவள் பெண் பூவரசி பின்னாலேயே ஒரு சுள்ளியை இழுத்துக்கொண்டு வந்தது. நாலு வயசு.

"அவரு அபராதம் கட்டுதாரு ஆச்சி. மழைக்காலம் முடியுற வரைக்கும் உங்க அடுப்புக்கு விறகு எங்க பொறுப்பு. கண்ணாடி எப்படி இருக்கு?"

நன்றாகக் காய்ந்துவிட்டது, பழையபடி இருக்கிறது என்று சொன்னேன்.

வேறு என்ன சொல்வது? வேலையிலிருந்து நின்றவளுக்குப் பாடியில் வீடு கிடையாது. மகன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான், என் பெயரில் வேலை செய்ய ஆள் இல்லை. மழைக்கு டவர் நிற்பதில்லை, செல்போனில் யானைச் செய்தி வருவதற்குள் யானையே வந்துவிடும். அதனால்தான், காலையில் பார்த்துத் துணி ஏற்றுகிறாய், இருந்துகொள் என்று துரை என்னை விட்டு வைத்திருக்கிறார். கண்ணாடி போய்விட்டது என்றால் கம்பு எதற்கு? கம்பு இல்லை என்றால் நான் எதற்கு?

விறகை அடுக்கி வைத்தேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

நேற்றும் இன்றும் துணி ஏற்றினேன். பள்ளத்தில் சாம்பல் நிறமாய் ஏதோ தெரிந்தது. சந்தேகம் என்றால் ஏற்றிவிடுவது நல்லதுதானே. பெண்கள் ஏழாம் நம்பருக்கு இறங்கவில்லை, மேலேயே முற்றின இலையைக் கிள்ளினார்கள். எடை குறைந்துவிட்டதாம். வழியில் ஒருத்தி என் காதில் விழும்படியே, கிழவிக்கு வீட்டு எருமையும் யானையாகத்தான் தெரிகிறது என்றாள். அவள் கல்யாணத்துக்கு என் அண்டாவை வாங்கிப்போய் ஓட்டையோடு திருப்பிக் கொடுத்தவள்.

அக்டோபர் 17, வியாழன்

இன்றோடு நாலு நாள் துணி ஏற்றியாயிற்று. நேற்று மத்தியானம் வின்சென்ட் ஆளை அனுப்பிப் பள்ளத்தைப் பார்த்திருக்கிறார். யானை இல்லை, தடமும் இல்லை, சாணியும் இல்லை. இன்றைக்கு மேட்டுக்கே ஏறி வந்துவிட்டார்.

"போனது கண்ணா, கண்ணாடியா? எதுன்னு சொல்லிருங்க ஆச்சி."

இரண்டும் நன்றாக இருக்கிறது என்றேன்.

"நாளைக்கும் சும்மா ஏத்துனீங்கன்னா துரைகிட்ட நான் பேச வேண்டியிருக்கும். கொழுந்து முத்திப் போகுது."

அவர் போன பிறகு நிதானமாகப் பள்ளத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷம் பார்த்த பள்ளம். பாறை ஒன்றுதான். அதைத்தான் கண்ணாடி இரண்டாய்க் காட்டுகிறது. இரண்டாவதைத்தான் நான் யானை என்று நினைத்துத் துணி ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். கணக்கு பிடிபட்டுவிட்டது. இனி பயம் இல்லை. இரண்டு தெரிந்தால் ஒன்று என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

அக்டோபர் 18, வெள்ளி

காலை. லேசான தூறல். பாறை இரண்டாய்த் தெரிந்தது. ஒன்று கொஞ்சம் உயரமாக இருந்தது, கண்ணாடி அப்படித்தான் காட்டும். துணி ஏற்றவில்லை. பெண்கள் ஏழாம் நம்பருக்கு இறங்கினார்கள். ஜான்சி கீழிருந்து கையை ஆட்டினாள், நானும் ஆட்டினேன்.

சாயங்காலம்.

ஜான்சி செத்துப்போனாள்.

டீ வருவதற்கு முன்னால். வரிசையில் கடைசி ஆள் அவள்தான், கை வேகம் என்பதால் பள்ளத்து ஓரத்தை அவளுக்குக் கொடுப்பார்கள். ஒற்றைக் கொம்பன் யானை. புதரிலிருந்து வரவில்லை, பள்ளத்தில் பாறைக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறது என்கிறார்கள். மற்றப் பெண்கள் ஓடிவிட்டார்கள். இவள் கால் படங்கில் சிக்கியிருக்கிறது.

எனக்குத் தொட்டி மேட்டில் சத்தம் கேட்டது. கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். ஓடுகிறவர்கள் எல்லாரும் இரண்டிரண்டாக ஓடினார்கள்.

அக்டோபர் 19, சனி

அடக்கம் முடிந்தது. மழை. குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது, வாளியில் இறைத்துக்கொண்டே இருந்தார்கள்.

அக்டோபர் 22, செவ்வாய்

ஆபீசில் விசாரணை. துரை, வனத்துறை ஆள் ஒருவர், வின்சென்ட். ஏன் துணி ஏற்றவில்லை என்று என்னைக் கேட்டார்கள். கண்ணாடியை மேசைமேல் வைத்தேன். துரை எடுத்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, இதில் என்ன தெரியும், இதை வைத்துக்கொண்டா பார்த்தாய் என்றார்.

அதற்குள் சுவரோரம் நின்ற சேர்மக்கனி முன்னால் வந்தான். சவரம் செய்யாத முகம். சட்டையில் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான்.

"ஆச்சியைக் கேக்காதீங்க சார். இரவல் வாங்கிட்டுப் போயி ஓடைல போட்டவன் நான். நான் கெடுத்துக் குடுத்ததை வச்சுத்தான் அது பாத்திருக்கு."

துரை என்னைப் பார்த்து, அப்படியா என்று கேட்டார்.

தண்ணீரில் போட்டது அவன்தான் என்றேன். அது பொய் இல்லை.

கெட்டுப்போனதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அவன் வாங்கிப்போன பிறகுதான் இப்படி ஆயிற்று, சரிசெய்து தருகிறேன் என்று சொன்னான், அதனால் இருந்துவிட்டேன் என்றேன். சேர்மக்கனி ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

எனக்கு வீடு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார் துரை. தோட்டச் செலவிலேயே கண்ணாடியைச் சரிசெய்துவிட வேண்டும், அதுவரை ஏழாம் நம்பரில் பறிப்பு கிடையாது.

அக்டோபர் 26, சனி

வாசலில் விறகு. காலையில் கதவைத் திறந்தபோது அவன்தான் அடுக்கிக்கொண்டிருந்தான். பெண்டாட்டி போய்ப் பத்து நாள்கூட ஆகவில்லை. எதற்கு என்று கேட்டேன். மழைக்காலம் முடியும்வரை என்று ஜான்சி சொல்லியிருந்தாளே என்றான்.

படியில் உட்கார்ந்தான். பூவரசி அவன் மடியில் தூங்கியது. அப்புறம் கேட்டான்.

"ஆச்சி, ஒண்ணு கேக்கேன், தப்பா எடுத்துக்காதீங்க. அன்னைக்கு நான் குடுத்துட்டுப் போனப்போ ஒரு பக்கம் லேசா ஆவிதான் இருந்துச்சு. ரெண்டா எல்லாம் தெரியல. நான் பாத்துட்டுத்தான் கொண்டாந்தேன். நீங்க சூடு கீடு காட்டலையே?"

இல்லை என்றேன்.

"அப்போ நான் விழுந்த விழுதான்" என்றான். தலையில் அடித்துக்கொள்ளவில்லை, அழவும் இல்லை. கணக்கை முடித்தவன் மாதிரி எழுந்து போனான்.

நல்ல விறகு. புகை இல்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. பாடியில் யாரும் வெடி போடவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

கோயம்புத்தூர். கண்ணாடியை டிரைவர் கையில் கொடுத்தனுப்பச் சொன்னார் வின்சென்ட். மாட்டேன் என்று நானே மடியில் வைத்துக்கொண்டு போனேன். நாற்பது வளைவும் இறங்குவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிட்டது.

கடை ஒரு சந்துக்குள் இருக்கிறது. பழைய கேமராக்களைச் சரிசெய்கிற கடை. ஆண் ஆள் இருப்பான் என்று போனால், ஒரு பெண். மாமனார் கடையாம், அவருக்குக் கை நடுங்குவதால் இவள் பார்க்கிறாளாம். விட்டுவிட்டுப் போங்க, பத்து நாள் ஆகும் என்றாள். என் கண் முன்னாலேயே பிரித்தால்தான் உண்டு என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மற்ற வேலையைத் தள்ளி வைத்துவிட்டுத் திருகாணியைக் கழற்றினாள்.

உள்ளே முக்கோணமாய்க் கனத்த கண்ணாடிக் கட்டிகள். அதில் ஒன்று இடம் பெயர்ந்து நின்றது. அவள் முதலில் மோந்து பார்த்தாள்.

"பாட்டி, இதை அடுப்பு மேல வச்சாங்களா?"

நான் மேசைமேல் கிடந்த திருகாணிகளை எண்ணினேன்.

"இந்த நசுங்கல் எல்லாம் ஒண்ணுமேயில்லை. தண்ணி போனதுகூடப் பெருசில்ல, பிரிச்சுத் துடைச்சிருந்தா அரை நாள் வேலை. சூட்டுல ஒட்டு இளகி உள்ள நகர்ந்திருச்சு, அதான் ரெண்டா காட்டுது. இந்தப் பக்கம் ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல இருக்குற பசை வெந்து பால் மாதிரி ஆயிருச்சு. யாரு பாட்டி இந்த வேலை பண்ணினது?"

"இரவல் வாங்கிட்டுப் போனவன்" என்றேன்.

"நல்ல ஆளுதான்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து வேலையைப் பார்த்தாள்.

இரண்டு நாளாவது ஆகும் என்றாள். அதற்குமேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. மகன் வந்து திருப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

நவம்பர் 7, வியாழன்

கண்ணாடி கைக்கு வந்துவிட்டது. திருப்பூர் வீட்டு மொட்டை மாடியில் பேத்தி இலக்கியா வாங்கிப் பார்த்தாள். நாலு தெரு தள்ளிக் கொடியில் காய்கிற பனியனில் இருக்கிற எழுத்தைப் படித்துக் காட்டினாள். அது போகட்டும். யார் ஆச்சி கெடுத்தது என்று கேட்டாள். ஒருத்தன் என்றேன். அவனை என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். அவளுக்குத் தெரியும், என்னிடம் கடன் பட்டவர்களை நான் விடுவதில்லை என்று.

தலைவலி என்று கீழே வந்துவிட்டேன்.

மகன் இங்கேயே இருந்துவிடச் சொன்னான். ஒரே அறை. அவர்கள் நாலு பேர். ராத்திரி மருமகள் நடையில் காலை மடக்கிப் படுத்திருந்தாள். என் வீடு எனக்கு இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 9, சனி

மலைக்கு வந்துவிட்டேன். தொட்டி மேட்டில் ஏறிப் பார்த்தேன். பாறை ஒன்று. அதன் மேல் உட்கார்ந்திருந்த கொக்கு ஒன்று. ஏழாம் நம்பரின் கடைசி வரிசையில் செடிகள் மிதிபட்டுக் கிடக்கின்றன. இன்னும் யாரும் வெட்டிக் கவாத்து செய்யவில்லை. செடியின் நடுவில் நீலமாய் ஏதோ ஒன்று மாட்டியிருக்கிறது. படங்கின் கிழிசல். அதுகூடத் தெரிகிறது.

நவம்பர் 13, புதன்

சேர்மக்கனி வேலையை விடுகிறான். வின்சென்ட்தான் சொன்னார். ராத்திரிக் காவலில் நிற்க முடியவில்லையாம். போன வாரம் யானை வந்து சுவரை முட்டியபோது வெடி போடாமல், விளக்கும் அடிக்காமல், அதன் முன்னால் போய்ச் சும்மா நின்றிருக்கிறான். பக்கத்துக் காவல்காரன் இழுத்துக்கொண்டு வந்தானாம். ஏன்டா என்று கேட்டதற்கு, என்னைத்தான் முதல்ல அடிச்சிருக்கணும் என்றானாம்.

அவனைக் கேரளாவில் செங்கல் சூளைக்கு ஒரு மேஸ்திரி கூட்டிக்கொண்டு போகிறான். பிள்ளையையும் கொண்டுபோகிறான்.

இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே பருப்பை அடுப்பில் மறந்துவிட்டேன். அடிப்பிடித்தது.

நவம்பர் 16, சனி

சொல்லிக்கொள்ள வந்தான். பூவரசிக்குப் புதுச் செருப்பு. கண்ணாடியைப் பார்க்க வேண்டும் என்றான். கொடுத்தேன். வாங்குவதற்கு முன்னால் கையை வேட்டியில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டான். வாரைக் கழுத்தில் போட்டுக்கொண்டான், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். வாசலில் நின்று எதிர்மலையைப் பார்த்தான்.

"நல்லாத் தெரியுது ஆச்சி. கடைக்காரங்க என்ன சொன்னாங்க, எதனால போச்சாம்?"

அந்த நேரம் பூவரசி என் பரணுக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. மேலே என்ன என்று கேட்டது. கருவாடு என்றேன்.

அவன் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சொன்னால் இவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். அடிக்க மாட்டான். துரையிடம்கூடப் போக மாட்டான். படியில் உட்கார்ந்து அழுவான், அவ்வளவுதான். அப்புறம் மெல்லப் பிழைத்துக்கொள்வான். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் காது இருக்கிறது. பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே கூரை. நாளைக்கு மஸ்டரில் எல்லாருக்கும் தெரியும், நாளை மறுநாள் என் பெட்டியும் சட்டியும் ரோட்டில் இருக்கும்.

பழசாகிவிட்டது என்று சொன்னார்கள் என்றேன்.

"அப்பா இருந்தப்போ உங்க வீட்டோட பேச்சு வார்த்தை இல்ல. அதையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க ஆச்சி" என்று சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனான்.

இதை அவன் என்னிடம் சொன்னான். அவன் அப்பன் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னது எனக்கு ஒரு எழுத்து மறக்கவில்லை. சட்டையின் கட்டம்கூட நினைவிருக்கிறது. ஆனால் இன்றைக்கு அதை நினைத்துப் பார்த்தால் சூடு ஏறமாட்டேன் என்கிறது.

நவம்பர் 18, திங்கள்

வெளுத்த காலை. மலை கழுவி விட்டாற்போல இருந்தது. பள்ளத்தில் ஒன்றும் இல்லை. பெண்கள் இறங்குகிறார்கள்.

எதிர்ப்பக்கத்து ரோட்டில் முதல் பஸ்ஸுக்கு அவர்கள் நின்றிருந்தார்கள். கண்ணாடியை அந்தப் பக்கம் திருப்பினேன். ஒரு சாக்கு மூட்டை, ஒரு தகரப் பெட்டி, மேஸ்திரி, அவன், பிள்ளை. அவன் குனிந்து பிள்ளையின் செருப்பு வாரைப் போட்டுவிட்டான். நிமிர்ந்தபோது முகம் முழுசாய்த் தெரிந்தது. சவரம் செய்தபோது தாடையில் வெட்டிக்கொண்ட கீறல்கூடத் தெரிந்தது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல அவ்வளவு பக்கத்தில் இருந்தான். மேட்டில் வேறு யாரும் இல்லை.

நான் அவனிடம் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுதப்போவதில்லை.

அவன் காதில் விழுந்திருக்காது. நடுவில் ஒரு மலைச் சரிவு இருக்கிறது. பஸ் வந்தது. அவன் முதலில் பிள்ளையை ஏற்றினான், பிறகு மூட்டையை, பிறகு ஏறினான். வளைவில் திரும்பும்வரை ஜன்னலில் பிள்ளையின் தலை தெரிந்தது.